ஆர்வெல் யாருக்குச் சொந்தம்? ஒரு புகழின் வரலாறு



"ஜார்ஜ் ஆர்வெல் கம்யூனிசத்தை எதிர்த்து எழுதிய ஆங்கில நாவலாசிரியர்." தேர்வுத் தாள்களில் இந்த ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கில இலக்கியம் எடுக்கும் மாணவர் எழுதுகிறார். பொது அறிவுக் கட்டுரையில் தமிழ் மாணவரும் எழுதுகிறார். வழிகாட்டி நூல்களிலும் அதுதான் இருக்கிறது. தப்பா என்று கேட்டால், தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதி எங்கே போனது, யார் எடுத்துப் போனார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். ஓர் எழுத்தாளரின் புகழ் அவருடைய புத்தகத்தால் மட்டும் நிலைப்பதில்லை. அந்தப் புத்தகத்தை யார் யார் எதற்காகத் தூக்கிப் பிடித்தார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. ஆர்வெல் இதற்கு நல்ல சான்று.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903 ஜூன் 25இல் இந்தியாவில், பீகாரிலுள்ள மோத்திஹாரியில் பிறந்தார். அப்பா ஆங்கிலேய அரசின் அபின் துறையில் அதிகாரி. ஒரு வயதிலேயே தாயார் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஈட்டன் பள்ளியில் படித்தார். பல்கலைக்கழகம் போகவில்லை. 1922இல் பர்மாவுக்குப் போலீஸ் அதிகாரியாக வந்தார், ஐந்து ஆண்டு இருந்தார், 1927இல் வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு பாரீசிலும் லண்டனிலும் ஏழைகளோடு ஏழையாகத் திரிந்தார். ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 1932, 1933ஆம் ஆண்டுகளில் அவர் சிறிய தனியார் பள்ளிகளில் வாத்தியாராக இருந்தவர். நிமோனியா வந்து அந்த வேலையும் போனது. 1933இல் முதல் நூல் வந்தபோதுதான் ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயர் பிறந்தது.

அவருடைய எழுத்தை நாம் அங்கதம் என்கிறோம். தமிழாசிரியர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். ஆர்வெல்லை இந்த இரண்டு பெட்டியில் போட்டுப் பாருங்கள், வசதியாக உட்கார்ந்துகொள்வார். 1934இல் வந்த 'பர்மிய நாள்கள்' செம்பொருள். 1945இல் வந்த 'விலங்குப் பண்ணை' பழிகரப்பு. வகுப்பில் அங்கதம் நடத்தும்போது இந்த இரண்டையும் எடுத்துக்காட்டாகச் சொன்னால் மாணவர்களுக்கு வேறுபாடு சட்டென்று பிடிபடும்.

'பர்மிய நாள்கள்' நாவலைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் பகுதி வாசகர்கள் தாண்டக் கூடாது. பர்மாவில் ஒரு சிற்றூர், அங்கே வெள்ளைக்காரத் துரைகளுக்கு மட்டுமான ஒரு கிளப். உள்ளூர்க்காரர் ஒருவரையாவது உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை வருகிறது. அதை வைத்து நடக்கும் கதை. இதில் வீராசாமி என்று ஓர் இந்திய மருத்துவர் வருகிறார். பெயரே சொல்லிவிடும், தென்னிந்தியர். ஆங்கிலேய ஆட்சியை வாய் ஓயாமல் புகழ்பவர் இவர். அதைத் திட்டித் தீர்ப்பவனோ இவருடைய வெள்ளைக்கார நண்பன் ஃப்ளோரி. ஆளப்படுபவர் ஆட்சியைத் தாங்கிப் பேச, ஆள்பவன் அதைக் கிழிக்கிறான். அங்கதம் இங்கேதான் இருக்கிறது. கதையில் ஓரளவு நேர்மையான மனிதரும் இந்த வீராசாமிதான். கடைசியில் பதவி இறக்கப்பட்டு ஊர் மாற்றப்படுபவரும் அவரேதான்.

அதே நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் இன்னொரு சிறு காட்சி. கிளப்பின் பட்லர் ஒரு திராவிடர். ஐஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர் நல்ல, முழுமையான ஆங்கில வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுகிறார். எல்லிஸ் என்ற துரைக்குக் கோபம் வந்துவிடுகிறது. அகராதியை விழுங்கிவிட்டாயா என்று சீறுகிறான். உடைந்த ஆங்கிலத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று பேசியும் காட்டுகிறான். இவன் இப்படி நன்றாக ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டால் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதுதான் என்கிறான். மொழிக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளக்கலாம். ஆர்வெல் ஐந்தாறு வரிகளில் முடித்துவிட்டார். தோட்டத்து துரைமார் கதைகளைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

இங்கிலாந்துப் பதிப்பகங்கள் இந்த நாவலுக்கு அஞ்சின. பாத்திரங்கள் உண்மை மனிதர்களைப் போல் இருக்கின்றன, அவதூறு வழக்கு வரும் என்ற பயம். அதனால் 1934இல் முதலில் அமெரிக்காவில் வெளிவந்தது, மறு ஆண்டு மாற்றங்களோடு லண்டனில் வந்தது. ஆக, அவர் முதலில் எதிர்த்து எழுதியது கம்யூனிசத்தை அல்ல, தான் சம்பளம் வாங்கிய பேரரசை.

1936இல் எழுதிய 'ஒரு யானையைச் சுடுதல்' கட்டுரையும் இந்த வகைதான். மோல்மீன் ஊரில் மதம் பிடித்த யானை ஒருவரை மிதித்துக் கொன்றுவிடுகிறது. போலீஸ் அதிகாரி துப்பாக்கியோடு வருகிறான். அதற்குள் யானை அமைதியாகிவிட்டது. சுட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் பின்னால் ஆயிரக்கணக்கான மக்கள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் முட்டாளாகத் தெரியக் கூடாது என்பதற்காகச் சுடுகிறான். இது வரை எல்லாப் பாடக்குறிப்பிலும் இருக்கும். செத்துப்போன மனிதரைப் பற்றித்தான் யாரும் அதிகம் கேட்பதில்லை. அவர் ஒரு திராவிடக் கூலித் தொழிலாளி. கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லை. யானையின் விலையோடு ஒப்பிட்டால் இந்தக் கொரிங்கிக் கூலி என்ன பெறுவான் என்று இளம் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். கொரிங்கி என்பது ஆந்திரக் கடற்கரையில் இருந்த கோரங்கித் துறைமுகத்தின் பெயரால் பர்மாவில் வழங்கிய சொல். ஆகவே இறந்தவர் தெலுங்கராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தமிழர் என்று நாம் அவசரப்பட்டு உரிமை கொண்டாட வேண்டாம். ஆனால் ஒரு துறைமுகத்தின், ஒரு நாட்டின் பெயரை வைத்து ஒரு கூட்டத்தையே இழிவாகக் குறிப்பது நமக்குத் தெரியாத வழக்கமா என்ன? 'கெலிங்' என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த மனிதர் செத்தது நல்லதாகப் போயிற்று, யானையைச் சுட்டது அதனால் சட்டப்படி சரியாகிவிட்டது என்று அந்த அதிகாரி பின்னால் ஒத்துக்கொள்கிறான். ஆர்வெல் தன்னையே அந்த அதிகாரியாக நிறுத்தி எழுதியது இது.

அடுத்தது ஸ்பெயின். அங்கே ராணுவத் தளபதி பிராங்கோ 1936இல் குடியரசுக்கு எதிராகக் கிளம்பியபோது, குடியரசைக் காக்கப் பல நாடுகளிலிருந்தும் இடதுசாரிகள் போனார்கள். ஆர்வெல்லும் அந்த ஆண்டு டிசம்பரில் போனார். 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்து உயிர் தப்பினார். அவர் சேர்ந்திருந்த இடதுசாரிப் படைப்பிரிவை, சோவியத் ஆதரவு பெற்ற கம்யூனிஸ்டுகள் துரோகிகள் என்று முத்திரை குத்தி வேட்டையாடினார்கள். அவரும் மனைவி ஐலீனும் எல்லை தாண்டித் தப்பினார்கள். இதை அப்படியே எழுதிய 'கட்டலோனியாவுக்கு வணக்கம்' 1938இல் வந்தது. அச்சிட்டது 1500 படிகள்தான். அவர் சாகும்வரை அதுகூட முழுசா விற்கவில்லை. ஸ்டாலின் மீது அவருக்கு வந்த வெறுப்பு இங்கே தொடங்கியது. அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று: சோசலிசத்தின் மீது அவருக்கு உண்மையான நம்பிக்கை வந்ததும் இங்கேதான். 1936க்குப் பிறகு தான் எழுதியது எல்லாம் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும், தான் புரிந்துகொண்ட ஜனநாயக சோசலிசத்துக்கு ஆதரவாகவும்தான் என்று 1946இல் தன் கைப்பட எழுதினார். நம் தேர்வு வரியில் விடுபட்டுப்போன பாதி இதுதான்.

இனி ஒரு சின்னச் செய்தி. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1941 ஆகஸ்ட் முதல் 1943 நவம்பர் வரை ஆர்வெல் பி.பி.சி.யின் கிழக்கத்திய ஒலிபரப்பில் வேலை பார்த்தார். இந்தியாவுக்குச் செய்தி விளக்கங்கள் எழுதுவது வேலை. பீட்டர் டேவிசன் பல ஆண்டு உழைத்து 1998இல் முடித்த 20 தொகுதிகள் கொண்ட முழுப் பதிப்பில் கணக்கு இருக்கிறது. சுமார் 220 செய்தி மடல்கள். அவற்றில் பாதிக்கு மேல் இந்திய மொழிகளில் பெயர்த்து வாசிப்பதற்காக எழுதியவை. அந்த மொழிகளில் தமிழும் உண்டு. ஆங்கிலத்தில் ஒலிபரப்பியவற்றில் 30 மடல்கள் யாருக்குத் தெரியுமா? மலாயாவுக்கு. ஜப்பான்காரன் ஆட்சியில் இருந்த மலாயாவுக்கு! சிற்றலை வானொலி கேட்டுப் பிடிபட்டால் என்ன கதி என்பது அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது ஐயம்தான். ஆர்வெல்லுக்கே அந்த ஐயம் இருந்தது. பலன் தராத வேலையில் தன் நேரத்தையும் மக்கள் பணத்தையும் வீணாக்குகிறோம் என்ற எண்ணத்தில்தான் ராஜினாமா செய்தார். அந்த அலுவலகத்து 1942ஆம் ஆண்டுப் படம் ஒன்று புகழ்பெற்றது. அதில் டி. எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் ஆகியோரோடு இலங்கைத் தமிழர் எம். ஜே. தம்பிமுத்துவும் இருக்கிறார். லண்டனில் கவிதை இதழ் நடத்திய அதே தம்பிமுத்துதான்.

வேலையை விட்ட கையோடு 'விலங்குப் பண்ணை'யை எழுதத் தொடங்கினார். நான்கு மாதத்தில், 1944 பிப்ரவரியில் முடித்துவிட்டார். கதை உங்களுக்குத் தெரியும். ஒரு பண்ணையின் விலங்குகள் குடிகார முதலாளியைத் துரத்திவிட்டுச் சமத்துவ ஆட்சி அமைக்கின்றன. பன்றிகள் மெல்ல மெல்ல அதிகாரத்தைப் பிடிக்கின்றன. நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், துரத்தப்பட்ட ஸ்னோபால் டிராட்ஸ்கி. சட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் மாற்றி எழுதப்படுகின்றன. இன்னும் கடினமாக உழைப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த குதிரை பாக்சர், உழைக்க முடியாமல் விழுந்ததும் இறைச்சிக்காரனுக்கு விற்கப்படுகிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த ஆசிரியர்கள் பாக்சரைப் பற்றி நடத்தும்போது குரல் மாறிவிடும், கவனித்துப் பாருங்கள்.

இந்தச் சிறு நூலை யாரும் வெளியிட முன்வரவில்லை என்றால் இன்றைக்கு நம்ப முடிகிறதா? அப்போது பிரிட்டனும் சோவியத் ரஷ்யாவும் ஹிட்லருக்கு எதிராக ஒரே அணி. ஸ்டாலினைக் கேலி செய்வது அநாகரிகம் என்ற காலம். கொலான்ஸ் மறுத்தார். ஜொனாதன் கேப் பதிப்பகம் முதலில் ஒப்புக்கொண்டு, தகவல் அமைச்சின் அதிகாரி ஒருவர் வேண்டாம் என்று சொன்னதும் பின்வாங்கியது. அந்த அதிகாரி பீட்டர் ஸ்மோலெட் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அவர் சோவியத் உளவாளி என்பது பின்னாளில் தெரிய வந்தது! ஃபேபர் பதிப்பகத்தின் சார்பில் எலியட்டும் மறுத்துக் கடிதம் எழுதினார். விலங்குக் கதைகள் அமெரிக்காவில் விலைபோகாது என்று ஓர் அமெரிக்கப் பதிப்பகம் சொன்னதாம். 1944 ஜூனில் அவர் வீட்டின் மீது ஜெர்மானியப் பறக்கும் குண்டு விழுந்தபோது, கையெழுத்துப் படியை இடிபாடுகளுக்குள்ளிருந்து எடுத்தார். கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் வெளியிட்டது. நாள், 1945 ஆகஸ்ட் 17. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஐலீன் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனார். இந்தக் கதை வளர்ந்ததில் அவருடைய பங்கு பெரியது என்பது அவர்களின் நண்பர்கள் சொன்னது. 2023இல் ஆனா ஃபண்டர் எழுதிய நூல் அந்தப் பங்கை மறுபடி பேச வைத்தது.

முதல் அச்சு 4500 படிகள். மறு ஆண்டு அமெரிக்காவில் ஒரு புத்தகக் கழகம் எடுத்து 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. இங்கிருந்து கவனமாகப் பாருங்கள். இரண்டே ஆண்டில் உலகம் தலைகீழாகிவிட்டது. ரஷ்யா நண்பனாக இருந்தபோது அச்சேற முடியாத புத்தகம், ரஷ்யா எதிரியான பிறகு ஆயுதமானது. புத்தகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

1949 ஜூன் 8இல் '1984' வந்தது. காசநோயோடு ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் உட்கார்ந்து எழுதியது. எங்கும் கண்காணிக்கும் பெரியண்ணன், பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதும் அமைச்சு, சொற்களைக் குறைத்துச் சிந்தனையைக் குறைக்கும் மொழித் திட்டம். அமெரிக்க இதழ்கள் சில இதைச் சோசலிசத்தின் மீதான தாக்குதல் என்று கொண்டாடின. நோய்ப்படுக்கையிலிருந்தே ஆர்வெல் மறுப்பு அறிக்கை விட்டார்: இது சோசலிசத்தையோ தான் ஆதரிக்கும் தொழிற்கட்சியையோ தாக்குவதல்ல என்று. அந்த மறுப்பை எத்தனை பேர் படித்தார்கள்? 1950 ஜனவரி 21இல், 46 வயதில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு மறுக்க ஆளில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1954 இறுதியில் 'விலங்குப் பண்ணை' கார்ட்டூன் படமாக வந்தது. ஹாலஸ், பேட்செலர் தம்பதி இங்கிலாந்தில் எடுத்தது. பணம் வந்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.விடமிருந்து. இது பல ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. நூலின் முடிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பன்றிகளும் அண்டைப் பண்ணை மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். வெளியே நிற்கும் விலங்குகள் சன்னல் வழியாகப் பார்க்கின்றன. எது பன்றி, எது மனிதன் என்று அவற்றால் பிரித்தறிய முடியவில்லை. அதாவது புதிய எஜமானும் பழைய எஜமானும் ஒன்று. அண்டைப் பண்ணைக்காரர்கள் என்பது மேற்கத்திய வல்லரசுகள். படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கடைசிக் காட்சியிலிருந்து மனிதர்களையே எடுத்துவிட்டார்கள். பன்றிகள் மட்டும் மிஞ்சின. விலங்குகள் திரண்டு வந்து பன்றிகளை வீழ்த்துவதாகவும் முடித்தார்கள்.

இது வெறும் சினிமாச் செய்தி அல்ல. ஆர்வெல் கம்யூனிசத்தை மட்டும்தான் எதிர்த்தார் என்றால் முடிவை மாற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது. மாற்ற வேண்டி வந்தது என்பதே, மூல நூல் இரண்டு தரப்பையும் குத்துகிறது என்பதற்குச் சான்று. தேர்வில் இந்த நாவலின் முடிவைப் பற்றிக் கேள்வி வந்தால், மாணவர்களே, இதை மறக்காமல் எழுதுங்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு விடை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பிரிட்டன் அரசும் சும்மா இருக்கவில்லை. 1948இல் வெளியுறவு அமைச்சுக்குள் கம்யூனிச எதிர்ப்புப் பிரசாரத்துக்காக ஒரு பிரிவை ரகசியமாக அமைத்தது. தகவல் ஆய்வுத் துறை என்று பெயர். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய அதே ஆண்டு. இந்தப் பிரிவு 'விலங்குப் பண்ணை'யைப் பல மொழிகளில் கொண்டுவர உதவியது, பத்திரிகைகளுக்குப் படக்கதைத் தொடராகவும் கொடுத்தது.

ஆர்வெல் இதில் முழுக்க நிரபராதியா? அப்படியும் சொல்ல முடியாது. 1949 மே மாதம், மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தபோது, அந்தப் பிரிவில் வேலை பார்த்த தோழி ஒருவரிடம் 38 பெயர்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தார். கம்யூனிச அனுதாபிகள், பிரசார வேலைக்கு இவர்களை நம்ப வேண்டாம் என்பது அதன் பொருள். சார்லி சாப்ளின் பெயரும் அதில் இருந்தது. ஸ்மோலெட் பெயரும் இருந்தது, அந்தக் கணிப்பு சரியாகப் போனது வேறு விஷயம். பட்டியல் 2003இல் முழுமையாக வெளிவந்தது. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை, வேலைக்கு எடுக்க வேண்டாம் என்றுதானே சொன்னார் என்பது அவரை ஆதரிப்பவர்கள் வாதம். எனக்கு அது போதவில்லை. பெரியண்ணனைப் படைத்த கை, பெயர்ப் பட்டியலும் எழுதியது. ஆர்வெல்லை மகான் ஆக்கி வைத்திருப்பவர்கள் இதைப் பேசாமல் நழுவுவது சரியில்லை. நாவல்களில் பெண் பாத்திரங்களைச் சரியாகப் படைக்கவில்லை என்ற விமர்சனமும் உண்டு. டாஃப்னி படாய் 1984இல் அதைத் தனி நூலாகவே எழுதினார்.

அந்த 1984ஆம் ஆண்டு நெருங்கியபோது நடந்த இழுபறி ஒரு வேடிக்கை. ஆர்வெல் இன்றிருந்தால் எங்கள் பக்கம்தான் நிற்பார் என்று 1983இல் நார்மன் பாட்ஹோரெட்ஸ் என்ற அமெரிக்க வலதுசாரி எழுதினார். இல்லை, எங்கள் ஆள் என்று இடதுசாரியான கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் மறுத்தார். ஓர் எழுத்தாளரின் சடலத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். ஜான் ராடன் என்ற ஆய்வாளர் 1989இல், ஆர்வெல்லின் புகழ் எப்படி உருவாக்கப்பட்டது என்பதையே பெரிய நூலாக எழுதிவிட்டார்.

அப்படியென்றால் இந்தப் புகழ் வெறும் பிரசாரத்தின் விளைவா? அப்படி இருந்திருந்தால் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் இதுவும் கலைந்திருக்க வேண்டும். பனிப்போருக்காக எழுதப்பட்ட எத்தனையோ நாவல்கள் இன்று பழைய புத்தகக் கடையில்கூட இல்லை. ஆர்வெல் இருக்கிறார். போலந்துக் கவிஞர் செஸ்வாவ் மிவோஷ் 1953இலேயே ஒன்றைப் பதிவு செய்தார்: கிழக்கு ஐரோப்பாவில் '1984'ஐத் திருட்டுத்தனமாகப் படித்தவர்கள், ரஷ்யாவில் வாழாத ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று வியந்தார்களாம். பர்மாவில் ராணுவ ஆட்சி நடந்தபோது அங்கே ஒரு கேலிப் பேச்சு இருந்தது. ஆர்வெல் எங்கள் நாட்டைப் பற்றி ஒரு நாவல் அல்ல, மூன்று எழுதினார்: 'பர்மிய நாள்கள்', 'விலங்குப் பண்ணை', '1984' என்று. 2013இல் அமெரிக்க அரசின் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்தியபோதும், 2017 ஜனவரியில் வாஷிங்டனில் 'மாற்று உண்மைகள்' என்ற சொல் கிளம்பியபோதும் '1984' விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. இந்த முறை குறி அமெரிக்காவின் மீதே. சி.ஐ.ஏ. செலவழித்து வளர்த்த பெயர் திரும்பி வந்து அமெரிக்காவையே கேள்வி கேட்கிறது.

காரணம் என்னவென்று கேட்டால், அவர் எந்தக் கட்சியை எதிர்த்தார் என்பதைவிட, பொய் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டினார் என்பேன். சுவரில் சட்டம் மாறுவது எந்தக் கொடியின் கீழும் நடக்கும். அதோடு, எழுத்து எளிமையானது. 'அரசியலும் ஆங்கில மொழியும்' என்ற 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில், தேய்ந்துபோன உவமைகளையும் தேவையற்ற நீளச் சொற்களையும் வெட்டச் சொல்கிறார். மங்கலான மொழி கொடுமையை மூடி மறைக்க உதவுகிறது என்பது அவர் வாதம். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கும் நம் மாணவர் கட்டுரைகளை அவர் பார்த்திருந்தால் சிவப்பு மையை எடுத்திருப்பார். மொழியணிகளை மனப்பாடம் செய்வது தவறில்லை, அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பழமொழி எழுதும்போது அதிலுள்ள காட்சி எழுதுபவர் கண்ணில் தெரிகிறதா என்று கேட்கலாம் அல்லவா?

தமிழில் க.நா.சுப்ரமண்யம் 'விலங்குப் பண்ணை', '1984' இரண்டையும் மொழிபெயர்த்திருக்கிறார். தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்பீர்கள். சரி, இப்படிச் செய்யுங்கள். 'விலங்குப் பண்ணை' மெலிந்த நூல், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். கடைசி அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள், பிறகு படத்தின் முடிவோடு வைத்துப் பாருங்கள். 'ஒரு யானையைச் சுடுதல்' சில பக்கங்கள்தான், படிவம் 6 மாணவர்கள் ஒரே பாடவேளையில் வாசித்துவிடலாம். 'பர்மிய நாள்கள்' முழுவதும் முடியாவிட்டால் அந்தக் கிளப் காட்சியையாவது வகுப்பில் இரண்டு மாணவர்களை வைத்து நடிக்க விடுங்கள், ஒருவர் துரையாக, ஒருவர் பட்லராக.